ஹேவ்லாக்கா, நீலா?

"அந்தமானுக்கு டிக்கெட் எடுத்தாச்சு. ஹேவ்லாக்ல எத்தனை ராத்திரி, நீல்ல எத்தனை ராத்திரி போடலாம்?" தீபாவளி முடிந்த கையோடு உறவினரும் நண்பர்களும் என்னிடம் இப்படிக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "பார்க்கப் போறீங்களா, இருக்கப் போறீங்களா?"

பார்க்கப் போகிறவர்களுக்கு வழி சொல்ல ஆட்கள் நிறைய உண்டு. சுற்றுலா நிறுவனங்களின் திட்டங்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே அச்சுதான். போர்ட் பிளேரில் இரண்டு இரவு, ஹேவ்லாக்கில் இரண்டு இரவு, நீலில் ஒரு இரவு. நானும் முதல்முறை அப்படித்தான் போனேன். நீல் தீவில் பகல் பதினொன்றுக்கு இறங்கி, மூன்று கடற்கரைகளை வண்டியில் சுற்றி, இருட்டியதும் அறைக்கு வந்து, மறுநாள் காலை ஜெட்டிக்கு ஓடினேன். அந்தத் தீவைப் பற்றி நினைவில் நின்றது பெட்டியைத் திறந்ததும் மூடியதும்தான். இரண்டாவது முறை அங்கேயே நான்கு இரவு தங்கினேன். முதல்முறை எதையெல்லாம் தவறவிட்டிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. இது இருக்கப் போகிறவர்களுக்காக எழுதுவது. அலுவலகத்தையும் பள்ளிக்கூடத்தையும் மறந்து, மூன்று நான்கு நாள் ஒரு சின்னத் தீவின் கரையில் கிடக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக.

முதலில் பெயர். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் சுவராஜ் தீவு என்றும், நீல் ஷஹீத் தீவு என்றும் மாற்றப்பட்டன. 2024இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. கப்பல் டிக்கெட்டில் புதிய பெயர்தான் இருக்கும். ஆட்டோக்காரரும் கடைக்காரரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். குழம்பாமல் இருக்க இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பழைய பெயர்கள் இரண்டும் 1857 எழுச்சியை அடக்கிய ஆங்கிலத் தளபதிகளுடையவை. அதில் நீல் என்பவர் சென்னைக்காரர்களுக்குப் புதியவர் அல்லர். மவுண்ட் ரோட்டில் அவருக்குச் சிலை இருந்தது. அதை அகற்றக் கோரி 1927இல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937இல் ராஜாஜியின் அமைச்சரவை வந்த பிறகுதான் அந்தச் சிலை அருங்காட்சியகத்துக்குப் போனது. சிலை போய் எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு தீவின் பெயரும் போனது. இந்தக் கட்டுரையில் மக்கள் வாயில் இன்னும் வழங்கும் பெயர்களையே எழுதுகிறேன்.

இரண்டு தீவுகளும் போர்ட் பிளேருக்கு வடகிழக்கே, கப்பலில் ஒன்றிரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கின்றன. ஹேவ்லாக் பெரியது, பெரும்பகுதி காடு. 2011 கணக்கெடுப்பில் ஆறாயிரத்துச் சொச்சம் பேர். நீல் அதில் ஆறில் ஒரு பங்கு இருந்தால் அதிகம்; மூவாயிரம் பேர், பெரும்பகுதி சமவெளி, வயலும் தோட்டமும். இரண்டிலும் குடியேறியவர்கள் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். ஊர்ப்பெயர்களிலேயே அவர்களுடைய பக்தி தெரியும். ஹேவ்லாக்கில் கோவிந்தநகர், ராதாநகர், கிருஷ்ணநகர், ஷியாம்நகர். நீலில் ராம்நகர், சீதாபூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர். ஒன்று கிருஷ்ணனின் தீவு, மற்றது ராமனின் தீவு என்று சொல்லிவிட்டால் குழந்தைகள் ஒரு நாளில் வழி பழகிவிடுவார்கள்.

கடல் வற்றும் நேரம்

தீவைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டே ஆகவேண்டும். படங்களைப் பார்த்து அறை போடுகிறவர்களில் பெரும்பாலோர் ஏமாறுவது இதில்தான்.

மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் வளர்ந்த நமக்குக் கடல் ஏறி இறங்குவது பெரிதாகத் தெரிவதில்லை. சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயர வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். கரையும் சரிவாக இறங்குவதால் கடல் எப்போதும் அதே இடத்தில் இருப்பதாகத் தோன்றும். அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்த வித்தியாசம் இரண்டு மீட்டரை எட்டும். தட்டையான பவளத் தளத்தின் மேல் கடல் இரண்டு மீட்டர் இறங்கினால், நீர் எட்டாத தூரத்துக்குப் போய்விடும். காலையில் வாசற்படியில் நீலமாகத் தளும்பிய கடல், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் நூற்றுக்கணக்கான அடி தள்ளி நிற்கும். நடுவில் பாறையும் பாசியும் சின்னச் சின்னக் குட்டைகளும். அதில் நீந்த முடியாது. செருப்பில்லாமல் நடக்கவும் முடியாது.

ரிசார்ட் விளம்பரப் படங்கள் எல்லாம் ஏற்றத்தில் எடுத்தவை. படத்தில் பொய் ஒன்றும் இல்லை. நாளின் பாதி நேரம் கடல் அப்படித்தான் இருக்கும். மீதிப் பாதியை அவர்கள் காட்டவில்லை, அவ்வளவுதான். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி நேரம். மறுநாள் அதே ஏற்றம் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளி வரும். ஆகவே நீங்கள் போகும் தேதிகளுக்கான ஏற்றவற்ற அட்டவணையை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. பிறை வளர்ந்து பாதியாக நிற்கும் நாட்களில், அஷ்டமியை ஒட்டிப் போனால், ஏற்ற இறக்கம் குறைவு. நாள் முழுக்கக் கரையோரம் ஓரளவு நீர் இருக்கும். அமாவாசை பௌர்ணமியில் போனால் வற்றம் அதிகம். ஆனால் வற்றிய பாறைக் குட்டைகளுக்குள் நட்சத்திர மீனையும் கடல் அட்டையையும் பார்க்க அதுதான் சமயம். நம் வீட்டு நாட்காட்டியில் திதி பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இரண்டு தீவுகளையும் பாருங்கள். அவற்றின் குணம் தெளிவாகிவிடும்.

ஹேவ்லாக்: எந்தக் கரை?

ஹேவ்லாக்கில் கடற்கரைகளுக்கு எண் உண்டு. ஜெட்டி இருக்கும் இடம் 1. கடைத்தெரு 3, அதுதான் கோவிந்தநகர். விஜயநகர் 5. ராதாநகர் 7. கடைத்தெருவில் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கே விஜயநகர் வழியாகக் காலாபத்தர் வரை போகிறது. இன்னொன்று தீவைக் குறுக்கே கடந்து, பாக்குத் தோப்பும் வயலும் காடுமாக, மேற்கே ராதாநகரில் முடிகிறது. தங்குமிடங்களில் பெரும்பாலானவை கிழக்குக் கரையில் 3க்கும் 5க்கும் இடையில் இருக்கின்றன. நீந்தத் தகுந்த கடலோ மேற்கே ராதாநகரில். ஹேவ்லாக் போகிறவர் தீர்மானிக்க வேண்டிய கேள்வி முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது.

ராதாநகர் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்கிறேன்: நான் பார்த்த இந்தியக் கடற்கரைகளில் அதற்கு இணை இல்லை. 2004இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று அதைச் சொன்னது. 2020இல் நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது. பின்னால் நெடிய காடு, முன்னால் அகன்ற வெள்ளை மணல், பாறையில்லாத மணற்தரை. கடல் வற்றினாலும் சில அடி கூட நடந்தால் நீர் கிடைத்துவிடும். உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள், உடை மாற்றும் அறைகள் இருக்கின்றன. மாலை நான்கு மணிக்கு மேல் தீவில் இருக்கும் பயணிகள் எல்லாரும் சூரியன் மறைவதைப் பார்க்க அங்கே கூடிவிடுவார்கள். காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். மைல் நீளக் கரையில் பத்துப் பேர் இருப்பார்கள். அந்த நேரத்துக்காகவே ராதாநகர் பக்கம் தங்கலாம். ஆனால் அங்கே இருக்கும் சில ரிசார்ட்டுகள் விலை அதிகம். டாடா குழுமத்தின் தாஜ் அங்கேதான் இருக்கிறது. நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற அறைகள் அந்தப் பக்கம் மிகக் குறைவு.

ராஜன் என்ற யானை நீந்திய கடல் அது. 1970களில் மரம் இழுப்பதற்காகப் பெருநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட யானைகளில் அவனும் ஒருவன். மரம் வெட்டுவது நின்றபின் ராதாநகர்க் கரையிலேயே வயதாகி, 2016இல் இறந்தான். கடலுக்கடியில் கால்களைத் துழாவியபடி அவன் நீந்தும் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. ஓடை கடலில் கலக்கும் இடமும் அலையாத்திக் காடும் அவற்றின் இருப்பிடம். ராதாநகருக்கு ஒரு ஓரமாக உள்ள நீல்ஸ் கோவ் பகுதியில் 2010இல் வெளிநாட்டுப் பயணி ஒருவர் முதலை தாக்கி இறந்தார். உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியில் குளியுங்கள். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கால்கூட நனைக்காதீர்கள். இருட்டியபின் எந்தக் கரையிலும் இறங்க வேண்டாம்.

கிழக்குக் கரையில் தங்கினால் என்ன கிடைக்கும்? சூரிய உதயம். கடலை நோக்கிச் சாய்ந்த பெரிய மரங்களின் நிழல். நடக்கும் தூரத்தில் சாப்பாட்டுக் கடைகள். ஸ்கூபா பழக்கும் மையங்கள் எல்லாம் இந்தப் பக்கம்தான். அரசின் டால்பின் விடுதியும் விஜயநகரில் இருக்கிறது. கடலுக்கும் அதற்கும் நடுவே வேறொன்றும் இல்லை. ஏற்றத்தில் குளிக்கலாம், வற்றத்தில் ஊஞ்சலில் கிடக்கலாம். கடலில் இறங்குவதைவிடக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதே போதும் என்கிறவர்களுக்கு விஜயநகர் நிறைவான இடம். நீந்த வேண்டும் என்றால் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்து அரைமணி நேரத்தில் ராதாநகர் போய்விடலாம்.

ஸ்கூபாவில்தான் ஹேவ்லாக்குக்கு உண்மையான போட்டியே கிடையாது. நீச்சல் தெரியாதவரும், பத்து வயது நிறைந்த பிள்ளையும், பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு மீட்டருக்கு மேற்படாத ஆழத்தில் பவளத்தைப் பார்த்துவிட்டு வரலாம். ஆஸ்துமா, காது, இதயம் பற்றிய கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள். ஒருமுறை மட்டும் மூழ்கினால் பன்னிரண்டு மணி நேரமும், பலமுறை மூழ்கினால் பதினெட்டு மணி நேரமும் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். அதனால் ஸ்கூபாவைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். கரையோரப் பவளம் பற்றி மிகையான எதிர்பார்ப்பும் வேண்டாம். 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறியதில் அந்தமானின் பவளம் வெளுத்தது. ஆழம் குறைந்த இடங்களில் இறந்துபோன பவளம் நிறையக் கிடக்கிறது. உயிருள்ள பவளத்தைப் பார்க்கப் படகில் கொஞ்சம் தள்ளித்தான் போக வேண்டும்.

எலிஃபண்ட் பீச்? ஸ்நார்கலிங்கும் நீர் விளையாட்டும் வேண்டும் என்றால் ஒரு காலைப் பொழுது போய்வரலாம். ஓய்வுக்கு வந்தவர்கள் விட்டுவிடலாம், இரைச்சல் அதிகம்.

நீல்

நீலில் இறங்கியதும் ஜெட்டிக்குப் பக்கத்திலேயே பரத்பூர் கடற்கரை. கடைத்தெரு நடக்கும் தூரம். தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சைக்கிளில் அரைமணி நேரம். இதைத் தெரிந்துகொண்டதுமே உடம்பில் ஒரு தளர்வு வந்துவிடுகிறது. எதையும் தவறவிட்டுவிடுவோமோ என்ற பதற்றம் இல்லை. இன்று போகாத இடத்துக்கு நாளை நடந்தே போகலாம்.

அந்தமானின் காய்கறிக் கிண்ணம் என்று நீலைச் சொல்வார்கள். சாலையின் இருபுறமும் வெண்டை, பாகல், கத்தரி, பரங்கி. காலையில் ஜெட்டியில் போர்ட் பிளேருக்கு மூட்டைகள் ஏறிக்கொண்டிருக்கும். இதனால் சாப்பாட்டில் ஒரு நன்மை உண்டு. சின்னக் கடையில்கூட அன்று பறித்த காய், அன்று பிடித்த மீன். மீன் தாளி கேட்டால் சோறு, பருப்பு, ஒரு வறுவல், கடுகு அரைத்த வங்காள மீன்குழம்பு வரும். சைவர்களும் ஹேவ்லாக்கைவிட இங்கே நன்றாகச் சாப்பிடலாம் என்பது என் அனுபவம். முழு மீனையோ சிங்கி இறாலையோ கேட்டால் எடை போட்டு விலை சொல்வார்கள்; சமைக்கச் சொல்லும் முன் விலையைக் கேட்டுவிடுங்கள்.

இனி கடல். நீலின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ராதாநகர் போல எந்நேரமும் நீந்தத்தக்க கடற்கரை இங்கே ஒன்றுகூட இல்லை. பரத்பூர் ஏற்றத்தில் அலையே இல்லாத கண்ணாடிக் குளம். சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் இரண்டு தீவிலும் கிடையாது. வற்றத்தில் பவளப் பாறை வெளியே தெரியும், இறங்க முடியாது. பகல் பொழுதில் கண்ணாடிப் படகுகளும் நீர் ஸ்கூட்டர்களும் சத்தம் போடும், மாலைக்குள் அடங்கிவிடும். லக்ஷ்மண்பூரில் மேற்கு நோக்கிய நீண்ட மணல். சூரியன் மறைவதை அங்கே பார்க்கலாம், குளிப்பதற்குக் கால் குத்தும். சீதாபூர் கிழக்குப் பார்த்த கரை; அலை உண்டு, ஆழம் சட்டென்று கூடும், உயிர்காப்பாளரை எதிர்பார்க்க முடியாது. விடியற்காலையில் அங்கே போய் உட்கார்ந்திருப்பதற்கு மட்டும் போங்கள்.

லக்ஷ்மண்பூரின் இரண்டாவது கரையில் பவளப் பாறையைக் கடல் குடைந்து உண்டாக்கிய வளைவு ஒன்று நிற்கிறது. குடியேறிய வங்காளிகள் ஊர் நினைவில் அதற்கு ஹவுரா பாலம் என்று பெயர் வைத்தார்கள். வற்றத்தில்தான் அதனருகே போக முடியும். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். குட்டைகளில் ஒளிந்திருப்பதை அவர் கண்தான் பார்க்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை மட்டும் கூட்டிப் போகாதீர்கள். கூரான பாறையில் கால் வைத்து நடக்க வேண்டிய இடம் அது.

நான் நான்கு இரவு தங்கியபோது மூன்றாம் நாள் நடந்ததைச் சொல்கிறேன். கடைக்காரம்மா என்னைப் பார்த்து, டீயை நான் கேட்கும் முன்பே வைத்தார். பரத்பூரில் கடல் எப்போது ஏறும் என்று யாரையும் கேட்காமலே தெரிந்திருந்தது. மதியம் தூக்கம், நாலு மணிக்குச் சைக்கிள், ஏழு மணிக்குச் சாப்பாடு, ஒன்பது மணிக்குத் தவளைச் சத்தம். கைப்பேசியைப் பையிலிருந்து எடுக்கத் தோன்றவில்லை. எடுத்திருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் அந்தமானுக்குப் போனபோது அது எட்டிய தீவுகளில் ஹேவ்லாக் ஒன்று. நீல் அந்தப் பட்டியலில் இல்லை. அலுவலக வேலையைக் கூடவே எடுத்துப் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொண்டு ஹேவ்லாக்கில் தங்குவது நல்லது. வேலையை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு நீலின் சுணங்கும் இணைப்பு ஒரு குறையல்ல.

கப்பலும் வானிலையும்

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் விரைவுக் கப்பலில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அரசுக் கப்பலில் இரண்டரை மணி நேரம். ஹேவ்லாக்கிலிருந்து நீல் ஏறக்குறைய ஒரு மணி நேரம். தனியார் கப்பல்கள் பெரும்பாலும் கட்டமரான் வகை. நம் கட்டுமரம் உலகம் சுற்றித் திரும்பி வந்த சொல். அவற்றில் பலவற்றில் உள்ளே குளிரூட்டிய அறையில்தான் உட்கார வேண்டும். வயிறு புரட்டும் என்பவர்கள் மேல்தளம் திறந்த கப்பலாகப் பார்த்து எடுங்கள், அல்லது அரசுக் கப்பலில் போங்கள். அதில் கட்டணம் மிகக் குறைவு, காற்று முகத்தில் அடிக்கும், தீவுக்காரர்களோடு பேசிக்கொண்டே போகலாம். இந்தியர்களுக்கு இவ்விரண்டு தீவுகளுக்கும் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை. அடையாள அட்டை மட்டும் கையில் இருக்க வேண்டும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. டிசம்பரில் கூட்டமும் விலையும் அதிகம்; புயலும் வரலாம். 2016 டிசம்பர் முதல் வாரத்தில் அந்தமானுக்கு அருகே உருவான தாழ்வு மண்டலத்தால் கப்பல்கள் நின்று, இரண்டு தீவுகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சில நாள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அழைத்துவந்தன. அதே மண்டலம்தான் வர்தா புயலாகி டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கியது. சென்னையில் மரங்கள் சாய்ந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள், அதற்கு நான்கைந்து நாள் முன்பு நீலில் மாட்டியிருந்த குடும்பங்களையும் நினைத்துப் பாருங்கள். எந்த மாதம் போனாலும் விமானத்துக்கு முந்தைய இரவைப் போர்ட் பிளேரில் கழியுங்கள். தீவில் இருந்து காலைக் கப்பலைப் பிடித்து மதிய விமானத்தில் ஏறும் திட்டத்தை யார் போட்டுத் தந்தாலும் மறுத்துவிடுங்கள். அந்த இரவில் இன்னொரு இன்பமும் உண்டு. அந்தமான் நிக்கோபாரில் வங்காளம், இந்திக்கு அடுத்தபடி அதிகம் பேருக்குத் தாய்மொழி தமிழ்தான். நான்கு நாள் இந்தியில் தடுமாறிவிட்டு வருகிறவர்களுக்கு ஊர் நடுவில் தமிழும் இட்லியும் கிடைக்கும்.

இன்னொன்று பொழுது. அந்தமான் நம்மைவிட வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் நம்முடையதுதான். டிசம்பரில் மாலை ஐந்து மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். பகலை ஐந்து மணியிலிருந்து ஐந்து மணி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு எழுகிறவர்கள் தீவின் நல்ல பொழுதில் பாதியை இழந்துவிடுகிறார்கள்.

யாருக்கு எது?

கையில் மூன்று இரவுதான் இருக்கிறது என்றால் ஒரே தீவில் தங்குங்கள். பெட்டி கட்டுவதும் ஜெட்டியில் காத்திருப்பதும் ஒரு பகலைத் தின்றுவிடும். மூன்றில் ஒன்றை அதற்குக் கொடுப்பது நியாயமில்லை. நீந்த ஆசைப்படுகிறவர்கள், பத்து வயதுக்கு மேற்பட்ட துறுதுறுப்பான பிள்ளைகள் உள்ள குடும்பம், ஸ்கூபாவை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்கிறவர்கள் ஹேவ்லாக்கைத் தேர்ந்தெடுக்கலாம். கைக்குழந்தையோடு போகிறவர்கள், அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள், புத்தகத்தோடு தனியாகப் போகிறவர்கள், கலியாணமாகி இருபது வருடம் கழித்து இருவராக மட்டும் கிளம்புகிறவர்கள் ஆகியோருக்கு நான் சொல்வது நீல். பெரியவர்களுக்குத் தொடர் சிகிச்சை தேவைப்படும் என்றால் ஒன்றை யோசியுங்கள்: இரண்டு தீவிலும் ஆரம்ப சுகாதார நிலையம்தான் உண்டு, பெரிய மருத்துவமனை போர்ட் பிளேரில்.

ஐந்து இரவு இருந்தால் ஹேவ்லாக்கில் இரண்டு, நீலில் மூன்று. முதலில் ஹேவ்லாக், பிறகு நீல் என்ற வரிசையை மாற்ற வேண்டாம். ஸ்கூபாவுக்கும் விமானத்துக்கும் இடையே வேண்டிய இடைவெளி தானாகக் கிடைத்துவிடும். அதைவிட முக்கியம், பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்த மனம்தான் நீலில் போய் அடங்கும்.

இரண்டும் கூட்டமாக இருக்கும் என்று அஞ்சுகிறவர்களுக்கு லிட்டில் அந்தமானும் லாங் ஐலண்டும் இருக்கின்றன. முன்னதில் அலைச்சறுக்கு, பின்னதில் லாலாஜி விரிகுடா. கப்பல் நேரம் நீளம், தங்க இடம் குறைவு. ஒரு வாரத்துக்கு மேல் விடுப்பு உள்ளவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

அறை போடும் முன் விடுதிக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "உங்க கரையில வற்றத்தில எவ்வளவு தூரத்துக்கு கடல் போகும்?" "மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ராத்திரி முழுக்க ஓடுமா?" நேர்மையாகப் பதில் சொல்கிறவரிடம் அறை எடுங்கள். பணத்தைப் போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். தீவின் ஏடிஎம்மை நம்பி இருக்க முடியாது. மாலையில் மணல் ஈ கடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் குறைகிறது. ரப்பர் அடி உள்ள காலணி கட்டாயம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வற்றத்தில் நடக்கும்போது பழுப்பாகப் பாறைபோல் கிடப்பதில் பாதி உயிருள்ள பவளம். மணல் தெரியும் இடத்தில் மட்டும் கால் வையுங்கள். நட்சத்திர மீனைப் படத்துக்காகக் கையில் தூக்கச் சொல்லி வழிகாட்டியைக் கேட்காதீர்கள். கரையில் கிடக்கும் சங்கையும் பவளத் துண்டையும் பிள்ளைகள் பையில் போட்டுக்கொண்டால் எடுத்து அங்கேயே வைத்துவிடச் சொல்லுங்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குச் சமமான முதல் அட்டவணையில் இருக்கிறது. போர்ட் பிளேர் விமான நிலையத்தில் பைகளைத் திறந்து பார்த்து எடுத்துவிடுகிறார்கள்.